ஊர் சுற்றி வந்த பிறகு நடிகைக்கு ஒரு சின்னக் கடிதம்: செகாவா, ஹ்யூகோவா, ஷாவா?

நண்பர் ஒருவரின் நாடகக் குழுவில் விளக்குப் பார்க்கும் தம்பி ஒருவன் போன மாதம் நான்கு பக்கக் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு, "கொடுக்கலாமாண்ணே?" என்று கேட்டான். குழுவாக ஒரு தோப்புக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதே குழுவில் நடிக்கும் பெண்ணுக்குத்தான் கடிதம். பழைய கடிதங்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறவன் என்பதால் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: யார் மாதிரி எழுதுவது? கிண்டலாகவா, உருகியா, இல்லை கொஞ்சம் சண்டை பிடித்தா?

மூன்று வழிக்கும் மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன். ஆன்டன் செகாவ், விக்டர் ஹ்யூகோ, பெர்னார்ட் ஷா. மூவரும் நாடகம் எழுதியவர்கள். மூவரும் தங்கள் நாடகத்தில் நடித்த ஒரு பெண்ணை விரும்பினார்கள். மூவர் கதையிலும் ஊருக்கு வெளியே ஒரு பயணம் உண்டு, அதைச் சுற்றிக் கடிதங்களும் உண்டு. காதல் கடிதம் என்றால் பொதுவாகக் கடிதம்தான் நம் கைக்குக் கிடைக்கும், அதற்கப்புறம் அவர்களுக்கு என்ன ஆனது என்பது கிடைக்காது. இந்த மூவர் விஷயத்தில் அதுவும் தெரியும். ஒப்பிட அது போதும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, நீளம். நடிகை கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் இடம் பெரும்பாலும் ஒப்பனை அறை. ஒரு கண்ணுக்கு மை போட்டாயிற்று, இன்னொரு கண் பாக்கி, வெளியே யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த இடைவெளியில் படித்து முடிகிற அளவுதான் கடிதத்துக்கு.

இரண்டாவது, அந்தப் பயணம் கடிதத்தில் இருக்கிறதா. நிலா, தென்றல், பச்சை வயல் எல்லாம் எந்தக் கடிதத்திலும் வரும். நீங்கள் இரண்டு பேரும் மட்டும் பார்த்த ஒன்று வருகிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, கடிதம் அவரிடம் என்ன கேட்கிறது. ஒரு பதிலா, ஒரு மாலைப் பொழுதா, அவருடைய மேடையையா? பத்துக்கு ஆறு மதிப்பெண் நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

நான்காவது, அது மூன்றாம் ஆள் கையில் சிக்கினால் என்ன ஆகும். அக்கா படிப்பார், அறைத்தோழி படிப்பார், இயக்குநர்கூடப் படிக்கலாம். நாடகக் குழுவில் ரகசியம் தங்குவது அபூர்வம்.

## செகாவ் வழி: கிண்டல்

1898 செப்டம்பரில் மாஸ்கோ கலை அரங்கின் ஒத்திகையில்தான் செகாவ் ஓல்கா நிப்பரை முதலில் பார்த்தார். அந்த அரங்கம் அப்போது இன்னும் திறக்கவே இல்லை. செகாவுக்குக் காசநோய், மாஸ்கோக் குளிர் ஆகாது என்று தெற்கே யால்டாவுக்கு ஒதுங்கவேண்டிய நிலை. மறு வருடம் மே மாதம், மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோ என்ற கிராமத்தில் இருந்த அவருடைய தோட்ட வீட்டுக்கு ஓல்கா போய் மூன்று நாள் இருந்தார். செகாவ் கெண்டை மீன் குளத்தைக் காட்டினார், காய்கறிப் பாத்தியைக் காட்டினார், பூச்செடிகளைக் காட்டினார். பறித்த பூ என்றால் அவருக்கு மனசு வாடிவிடும் என்று ஓல்கா பின்னாளில் எழுதியிருக்கிறார். யாராவது பூங்கொத்து கொண்டுவந்தால், அவர்கள் போன சில நிமிடத்தில் பேசாமல் எடுத்துப் பக்கத்து அறையில் வைத்துவிடுவாராம். மலர்க்கொத்தோடு கடிதம் அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கலாம்.

அப்புறம் ஓல்கா கோடை விடுமுறைக்குக் காகசஸ் போய்விட்டார். கடிதம் இல்லை. ஜூன் 16, அப்போதைய ரஷ்ய நாள்காட்டிப்படி, செகாவ் மெலிகோவோவிலிருந்து எழுதினார். அரைப் பக்கம்தான் இருக்கும். என்ன இது, எங்கே இருக்கிறீர்கள், எங்களை மறந்துவிட்டு அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டீர்களோ என்று சந்தேகப்படத் தொடங்கிவிட்டோம் என்று ஆரம்பிக்கிறது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை யார்? மேடையை விட்டுவிடத் தீர்மானமா? நாடகாசிரியன் மறக்கப்பட்டான், எவ்வளவு கொடுமை, எவ்வளவு துரோகம்! பிறகு ஊர்ச் செய்தி. எல்லாரும் நலம் விசாரிக்கிறார்கள், புதிதாக ஒன்றும் இல்லை, ஈகூட இல்லை, கன்றுக்குட்டிகள்கூடக் கடிப்பதில்லை. அன்றைக்கு ரயில் நிலையம்வரை வந்து வழியனுப்ப நினைத்தேன், நல்லவேளையாக மழை வந்து தடுத்துவிட்டது. உங்கள் அனுமதியோடு கையைக் குலுக்குகிறேன். முடிந்தது.

காதல் என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனால் அந்தக் கன்றுக்குட்டியைப் பாருங்கள். கன்று கடிக்காது என்பதைக் கடிதம் எழுதி ஒருவர் சொல்லவேண்டியதில்லை. அந்த வீட்டு முற்றத்தில் மூன்று நாள் நடந்தவருக்குத்தான் அந்த வரியில் வாசலும் குளமும் தெரியும் என்று நினைக்கிறேன். "நீங்கள் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது" என்று எழுதியிருந்தால் நமக்கும் புரிந்திருக்கும், அவருக்கும் அதே அளவுதான் புரிந்திருக்கும். மழை வரியும் அப்படித்தான். வழியனுப்ப வராததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, நல்லவேளை என்கிறார். ரயில் நகரும்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை மழைக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார்.

கேட்பது ஒன்றே ஒன்று, பதில். அதையும் நேராகக் கேட்கவில்லை.

பதில் வந்தது. ஜூலையில் இருவரும் ஒரே கப்பலில் யால்டா போனார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் குதிரை வண்டியில் மலை தாண்டி, கொக்கோஸ் பள்ளத்தாக்கு வழியாகத் திரும்பி மாஸ்கோவுக்கு ரயில் பிடித்தார்கள். பிறகு செகாவ் மட்டும் யால்டா திரும்பி, செப்டம்பர் 3-ஆம் தேதி எழுதியது இன்னொரு அருமையான கடிதம். பயணத்துக்கு ஓல்கா ஒரு கூடை கொடுத்து அனுப்பியிருக்கிறார். கூடையில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டாயிற்று, ஒவ்வொரு தடவையும் எலுமிச்சை போட்டு மூன்று கிளாஸ் தேநீர், அவசரமே இல்லாமல். ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்காக ஸ்டேஷனில் ஓடுவது கலை அரங்கின் கௌரவத்துக்கு இழுக்கு என்கிறார். இவ்வளவு விளையாட்டுக்கும் பிறகு ஒரு வரி: உங்களுக்குப் பழகிப்போய்விட்டேன், வசந்தம்வரை பார்க்கமுடியாது என்பதை மனசு ஏற்க மறுக்கிறது. கூடையும் தேநீரும் முன்னால் வந்ததால்தான் இந்த வரி நிற்கிறது.

இதன் மறைமுகச் செலவு என்ன? கிண்டலில் எழுதுகிறவர் கிண்டலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம். அந்த ஜூன் கடிதத்துக்கும் 1901 மே மாதக் கல்யாணத்துக்கும் நடுவே இரண்டு வருடம் ஓடியது. அவர் மனசில் தனக்கு என்ன இடம் என்று தெளிவாகத் தெரியாமல் ஓல்கா தவித்த மாதங்கள் அதில் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகும் குளிர்காலங்களில் ஓல்கா மாஸ்கோ மேடையில், செகாவ் யால்டா வீட்டில். அவர் ஓல்காவுக்கு எழுதியதாக நமக்குக் கிடைப்பவை மட்டும் நானூற்றுக்கு மேல். பிரிந்திருப்பதற்குக் காரணம் நீயும் இல்லை நானும் இல்லை, எனக்குள் கிருமியையும் உனக்குள் கலைமேல் ஆசையையும் வைத்த பிசாசுதான் என்று 1900-இல் எழுதினார். ஓல்கா குற்ற உணர்வில் குமைந்தபோது, நடிகையைக் கட்டுகிறோம் என்று தெரிந்துதானே கட்டினேன், எனக்குத் துளியும் வருத்தம் இல்லை என்று 1903-இல் பதில் போட்டார். மேடையை விடுகிறீர்களா என்று முதல் கடிதத்தில் கேட்டது வேடிக்கைக்குத்தான். கடைசிவரை அதை நிஜமாகக் கேட்கவே இல்லை. 1904-இல் செகாவ் இறந்தார். 1959-இல் தான் இறக்கும்வரை ஓல்கா அதே அரங்கின் நடிகையாகத்தான் இருந்தார்.

## ஹ்யூகோ வழி: உருக்கம்

உங்கள் கை தானாக எழுதப்போவது இந்த வகைதான். தேவதை, ஆன்மா, சொர்க்கம் எல்லாம் இங்கே மலிவாகக் கிடைக்கும்.

ஜூலியட் த்ருயே 1833 தொடக்கத்தில் ஹ்யூகோவின் நாடகம் ஒன்றில் சின்ன வேடத்துக்கு வந்தவர். பிப்ரவரியிலேயே இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். ஹ்யூகோவுக்கு மனைவியும் நான்கு குழந்தைகளும் இருந்தார்கள். 1834, 1835 இலையுதிர் காலங்களில் பாரிசுக்கு வெளியே பியேவ்ர் பள்ளத்தாக்கில், பத்திரிகை அதிபர் ஒருவரின் மாளிகையில் ஹ்யூகோவின் குடும்பம் தங்கியிருந்தது. காட்டைத் தாண்டி மெத்ஸ் என்ற குக்கிராமத்தில் சின்ன வீடு ஒன்றில் ஜூலியட். இரண்டுக்கும் நடுவே ஒரு செஸ்ட்நட் மரம், அதில் ஒரு பொந்து. கடிதங்களை அங்கே வைத்து எடுத்துக்கொள்வார்கள். மழை பெய்தாலும் ஜூலியட் நடந்துபோய்ப் பொந்தில் கையை விட்டுப் பார்க்கவேண்டும், இருக்கிறதா இல்லையா என்று.

இந்த வழியில் நீளமாகத்தான் எழுதவேண்டும் என்பதில்லை. 1802 பிப்ரவரி 26 அன்று நான் வாழ்வுக்குள் பிறந்தேன், 1833 பிப்ரவரி 17 அன்று உன் கைகளில் மகிழ்ச்சிக்குள் பிறந்தேன் என்ற பொருளில் ஹ்யூகோ ஒருமுறை எழுதினார். ரத்தினச் சுருக்கம்தான். ஆனால் இதில் மரம் இல்லை, பொந்து இல்லை, மழை இல்லை. அந்தப் பள்ளத்தாக்கு எங்கே போனது என்றால் கவிதைக்குப் போனது. 1837-இல் தனியாக அங்கே திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு நீண்ட கவிதை எழுதினார்.

செலவைப் பார்ப்போம். 1833 நவம்பரில் ஹ்யூகோவின் அடுத்த நாடகத்தில் ஜூலியட்டுக்கு வரவேற்பு மோசம். முதல் நாளோடு வேடம் கைமாறியது. அதோடு மேடை முடிந்தது. 1838-இல் ஒரு ராணி வேடம் அவருக்கென்று பேசப்பட்டது. ஹ்யூகோவின் மனைவி அரங்க நிர்வாகிக்கு எழுதி அதைத் தடுத்துவிட்டார். நடிகைக்கு எழுதத் தொடங்கிய ஹ்யூகோ, சீக்கிரமே நடிகையாக இல்லாத ஒருவருக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஜூலியட்டின் கடனை அவர்தான் அடைத்தார், உண்மை. பதிலுக்கு ஜூலியட் வரவு செலவுக் கணக்கு எழுதிக் காட்டினார், அவர் துணையில்லாமல் வெளியே போகாமல் வீட்டிலேயே இருந்தார், அவருடைய கையெழுத்துப் படிகளை நகல் எடுத்தார், தினமும் எழுதினார். ஐம்பது வருடத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள். 1851-இல் ஹ்யூகோ நாட்டை விட்டுத் தப்பியபோது உதவியவரும் அவரே. தியாகம் என்று புகழ்வார்கள். எனக்கு அந்த வரவு செலவு நோட்டுத்தான் கண்ணில் நிற்கிறது.

அதற்காக இந்த வழி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒருவருக்கொருவர் என்ன என்று தெரிந்த பிறகு, வருடத்துக்கு ஒருமுறை, ஒரு ஆண்டுநாளில் நான்கு வரி இப்படி எழுதலாம். ஹ்யூகோவும் ஜூலியட்டும் அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பகல் தோப்பில் இருந்துவிட்டு வந்ததும் எழுதும் முதல் கடிதத்துக்கு இது ரொம்பக் கனம்.

## ஷா வழி: சொற்சண்டை

1912-இல் பெர்னார்ட் ஷா தன் புதிய நாடகத்தைத் திருமதி பேட்ரிக் கேம்பல் என்ற நடிகைக்குப் படித்துக் காட்டப்போய், அங்கேயே விழுந்தார். வயது ஐம்பத்தைந்து தாண்டியாயிற்று, மனைவியும் உண்டு. கடிதங்கள் பறந்தன. கேம்பலும் சளைத்தவர் இல்லை.

1913 ஆகஸ்டில் கேம்பல் ஓய்வுக்காகக் கென்ட் கடலோரத்தில் உள்ள சாண்ட்விச் என்ற ஊருக்குப் போனார் (தின்பண்டத்துக்குப் பெயர் தந்த ஊர்தான்). தனியாக இருக்கவேண்டும் என்று தெரிவித்தும் ஷா பின்னாலேயே போய் இறங்கினார். தயவுசெய்து லண்டன் திரும்புங்கள், இல்லையென்றால் நான் கிளம்பவேண்டியிருக்கும் என்று கேம்பல் ஒரு குறிப்பு அனுப்பினார். அவர் போகவில்லை. மறுநாள் காலை கேம்பல் போய்விட்டார். இந்த ஒப்பீட்டிலேயே மிகச் சுருக்கமான கடிதம் ஒரு நடிகை எழுதியது, அதுவும் போ என்று சொல்லி எழுதியது.

அதற்கப்புறம் ஷா எழுதியவை அடிபட்ட மனிதரின் கடிதங்கள். திட்டு, குத்தல், நடுநடுவே அபாரமான வாக்கியங்கள். கேம்பல் அவரைக் குருடர், நாடோடி, சொல் நெய்கிறவர் என்று திருப்பி அடித்தார். எனக்குத் தெரிந்தவரை அவரை அவ்வளவு சரியாக விமரிசனம் செய்தவர்கள் குறைவு.

ஆச்சரியம் என்னவென்றால் நட்பு சாகவில்லை. 1914 ஏப்ரலில், 49 வயதில், கேம்பல் அதே நாடகத்தில் பூ விற்கும் பெண்ணாக நடித்து ஜெயித்தார். முதல் காட்சிக்குச் சில நாள் முன்பு வேறொருவரைக் கல்யாணமும் செய்துகொண்டார்.

செலவு வந்தது பின்னால், காகிதத்தின் வழியாக. தன்வரலாற்றில் ஷாவின் கடிதங்களில் சிலவற்றை, அதுவும் வெட்டித்தான், கேம்பலால் 1922-இல் வெளியிட முடிந்தது. வயதாகிக் கையில் காசில்லாத காலத்தில் முழுவதையும் வெளியிட்டால் பணம் வரும் என்று நினைத்தார். மனைவி உயிரோடு இருக்கும்போது கூடாது என்று ஷா மறுத்தார். கேம்பல் 1940-இல் பிரான்சில் இறந்தார். முழுத் தொகுப்பு 1952-இல் வந்தபோது ஷா, அவர் மனைவி, கேம்பல் மூவரில் யாரும் உயிரோடு இல்லை. கெட்டிக்காரத்தனமாக எழுதிய கடிதத்தை யாரும் கிழித்துப் போடமாட்டார்கள்; நான்காவது அளவுகோலில் இது அடிவாங்குவது அதனால்தான்.

எதிரில் இருப்பவரும் அதே வேகத்தில் திருப்பி அடிப்பவர், அடிப்பதில் அவருக்கும் சந்தோஷம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்தப் பக்கம் போகலாம். போ என்று ஒருமுறை சொன்ன பிறகு கூடவே கூடாது.

## ஒரே பார்வையில்

| | செகாவ் | ஹ்யூகோ | ஷா |
|---|---|---|---|
| நீளம் | அரைப் பக்கம் | நான்கு வரியும் உண்டு, வெள்ளமும் உண்டு | ஒன்றுக்குப் பின் ஒன்று |
| பயணம் எங்கே | கன்று, மழை, கூடை | கவிதையில் | கோபத்துக்குள் புதைந்துவிட்டது |
| அவரிடம் கேட்பது | ஒரு பதில் | முழு வாழ்க்கை | முழுக் கவனம் |
| மூன்றாம் ஆள் படித்தால் | சிரிப்பார் | சங்கடப்படுவார் | அச்சில் போடுவார் |
| பிறகு தெரியும் செலவு | மனசு புரியக் காலம் ஆகும், பிரிவு பழகிவிடும் | அவருடைய மேடை | காகிதம் நிற்கும் |
| பொருந்தும் நேரம் | முதல் கடிதம் | உறவு உறுதியான பின் ஆண்டுநாள் | சமபலம் உள்ள இருவர் |

வாட்ஸப்பில் அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: செகாவ் வகை அதிலும் தாங்கும். மற்ற இரண்டும் தாங்காது. நீல டிக் விழுந்து பதில் வராத ஒரு ராத்திரியில் ஹ்யூகோவாக இருந்தவர் ஷாவாக மாறிவிடுவார்.

## தம்பியின் நான்கு பக்கம்

கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தேவதை மூன்று இடத்தில். இரண்டாவது பக்கம் முழுக்க, திரும்பி வரும்போது வேனில் அவள் ஏன் தன் பக்கத்தில் உட்காரவில்லை என்ற விசாரணை. மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில், ஒரு விஷயம். வரப்பில் நடக்கும்போது அவள் செருப்பு வார் அறுந்துபோக, இவன் பனைநாரைக் கிழித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவள் அதைப் போட்டுக்கொண்டே சாயங்காலம்வரை நடந்திருக்கிறாள். நான்காவது பக்கத்தில், கல்யாணத்துக்கு அப்புறம் நாடகம் வேண்டாம் என்று அம்மா சொல்லுவாங்க, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி.

அந்த வரியைக் காட்டினேன். "உள்ளதைத்தானேண்ணே எழுதியிருக்கேன்" என்றான். உள்ளதுதான், ஆனால் முதலில் அம்மாவிடம் பேசு, அப்புறம் அவளிடம் நேரில் பேசு, அவள் அங்கேயே பதில் சொல்ல முடிகிற இடத்தில் பேசு என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவனே பேனாவை வாங்கி அடித்தான். தேவதைகளும் வேனும் அதோடு போயின.

மிச்சம் ஐந்து வரி. நார் இன்னும் தாங்குகிறதா என்ற கேள்வியோடு தொடங்கி, தான் போட்டது பனையேறியிடம் கற்ற முடிச்சு இல்லை, விளக்கு வயரைக் கட்டுகிற முடிச்சு என்ற வாக்குமூலத்தோடு முடிந்தது. காட்சிக்கு முன்னால் கொடுக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காட்சி முடிந்து, செட்டைப் பிரித்து, விளக்குகளை இறக்கிய பிறகுதான் கொடுத்திருக்கிறான்.

புதன்கிழமை பதில் வந்தது. டிக்கெட் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரே வரி: "நார் அன்னைக்கே அறுந்துபோச்சு, வெறுங்காலோடதான் வீட்டுக்குப் போனேன்." இதற்கு என்னண்ணே அர்த்தம் என்று கேட்டான். அந்த டிக்கெட்டை மேஜையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.